ஏழாம் நம்பர் கிளம்பிவிட்டது

"கதவைத் திறக்காதே லதா! யார் கூப்பிட்டாலும் திறக்காதே!"

வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது என்று லதா போனில் சொன்னதுமே ஏழுமலை ரிசீவருக்குள் கத்தினான். மறுமுனையில் மழை. மழைக்கு நடுவே கண்ணாடி வளையல்களின் கலகலப்பு. போன மாதம் வளைகாப்புக்குப் போட்டவை, இரண்டு கையிலும் முழங்கையைத் தொடும் அளவுக்கு.

"என்னங்க உளர்றீங்க? எனக்கு ரத்தமா போகுதுங்க. நிக்கவே மாட்டேங்குது. உங்க ஆபீசுக்குப் போட்டேன், நீங்க சீட்ல இல்ல. ஒரு அம்மா எடுத்து, வண்டி கிளம்பிடுச்சுன்னு சொன்னாங்க. இதோ வந்து நிக்குது."

"என்ன நம்பர்?"

"என்னது?"

"வண்டி மேல என்ன நம்பர் எழுதியிருக்கு? ஜன்னல் வழியா பாரு."

வளையல்கள் தூரப் போயின. திரும்பி வந்தன.

"ஏழு."

ஏழுமலை மெதுவாகத் தலையைத் திருப்பிப் பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தான். தகரக் கொட்டகை. பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவனும் டிரைவர் ஷ்யாமலும் அங்கே நின்று, ஏழாம் நம்பர் வண்டியின் அச்சையும் இரும்புத் தூணையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். சங்கிலி கிடந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த நான்கு செங்கல் அடுக்குகளும் அப்படியே இருந்தன.

வண்டி இல்லை.

"லதா, அதுல ஏறாதே. நான் இதோ வ..."

அந்தச் சொல்லை முழுதாகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஒரு மாதமாக அந்தச் சொல்லை அவன் யாரிடமும் சொல்வதில்லை.

கம்பிக்குள் வேறு ஒரு மூச்சு கேட்டது. லதாவுடையது இல்லை. வயதான மூச்சு. இழுத்து இழுத்து விடும் மூச்சு.

"இப்பவாச்சும் வருவியா தம்பி?"

போன் செத்துப்போனது.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று இருபது.

பக்கத்து மேஜையில் ஜூமா-தி இரண்டு போன்களை இரண்டு காதிலும் வைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, வெற்றிலை வாய், ஏழு வருடமாக அதே நாற்காலி. ஏழுமலையின் முகத்தைப் பார்த்ததும் ஒரு ரிசீவரைக் கீழே வைத்தாள்.

"என்ன ஆச்சு மோலாய்-தா?" என்றாள் வங்காளத்தில். அவன் பெயர் அந்த ஆபீசில் யார் வாயிலும் நுழைந்ததில்லை. எல்லோருக்கும் அவன் மோலாய்-தா, மோலாய் அண்ணன்.

"பெஹாலாவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாளா?"

"ஆமாம். ஒரே அழுகை. பாதி வங்காளம், பாதி என்னமோ. வண்டி ஏது நம்மகிட்ட, ஷ்யாமலும் உன்கூடக் கொட்டகைக்குப் போயிட்டானே? ஏழாம் நம்பர் கிளம்பிடுச்சுன்னு சொன்னேன். நீ சொல்லிக் கொடுத்த மாதிரிதானே?"

அவன் சொல்லிக் கொடுத்த மாதிரிதான்.

*

அது 1999. காளிகாட் மெட்ரோவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு தர்ம சமிதி நடத்தி வந்த ஆம்புலன்ஸ் சர்வீஸ் அது. ஏழு வண்டிகள் இருந்தன. ஏழு டிரைவர்களும் இருந்தார்கள், ஒரு காலத்தில். நர்சிங் ஹோம்காரர்கள் ஒவ்வொருவராகக் கொத்திக்கொண்டு போனார்கள். ஒருத்தன் மஸ்கட்டுக்குப் போனான். ஒருத்தன் தொடர்ந்து முப்பத்தாறு மணி நேரம் ஓட்டிவிட்டு, ஸ்டியரிங்கிலேயே தூங்கி, டிராம் கம்பத்தில் மோதி, அதோடு வண்டித் தொழிலையே விட்டான். கடைசியில் ஒன்றாம் நம்பருக்கு ஒரு ஆள், மூன்றாம் நம்பருக்கு ஷ்யாமல். அவ்வளவுதான். மற்ற வண்டிகள் கொட்டகையில் தூங்கின. ஏழாம் நம்பரின் சக்கரங்களைக் கழற்றி மூன்றாம் நம்பருக்கு மாட்டினார்கள்.

மழைநாளில் நாற்பது போன் வரும். இரண்டு வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

'வண்டி இல்லை' என்று சொன்னால் திட்டுவார்கள். சாயங்காலம் பேட்டைக் கிளப்புப் பையன்கள் வந்து கண்ணாடியை உடைப்பார்கள். 'கிளம்பிவிட்டது' என்று சொன்னால் அழுகை நிற்கும். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அரை மணி கழித்து டாக்ஸியோ, ரிக்ஷாவோ, தள்ளுவண்டியோ பிடித்து அவர்களே போய்விடுவார்கள். போகும் வழியில் என்ன ஆனாலும், பழி தண்ணீர் தேங்கிய ரோட்டின் மேல்.

அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவன் ஏழுமலை. 'ஸாத் நம்பர் பேரியே கெச்சே.' ஏழாம் நம்பர் கிளம்பிவிட்டது. ஏழாம் நம்பருக்கு டிரைவர் கிடையாது. அதனால் இல்லை என்று சாட்சி சொல்லவும் யாரும் கிடையாது. ரிஜிஸ்டரில் நேரம் எழுதி ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் வேலை.

நாகம்மா கூப்பிட்டது ஜூன் மாதம், பருவமழையின் முதல் பெருமழை அன்று.

லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடிக் கடை வாசலில் ஏழுமலையே ஒரு காகிதம் ஒட்டியிருந்தான். 'ஆம்புலன்ஸ் வேண்டுமா? தமிழில் பேசலாம்.' கீழே நம்பர். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அதைப் பார்த்து வைத்திருந்தாள் அந்தக் கிழவி. துறைமுகத்தில் வேலை பார்த்த கணவர் போய்ப் பத்து வருடம். காளிகாட் சந்து ஒன்றில் தனி வீடு.

"தம்பி, நீ தமிழாப்பா? நெஞ்சு அடைக்குதுய்யா. இடது கை தூக்க முடியல."

"பயப்படாதீங்கம்மா. வண்டி கிளம்பிடுச்சு. ஏழாம் நம்பர்."

"தனியா இருக்கேன் தம்பி. யாரு என்னைத் தூக்குவா?"

"ஆளு வருவாங்கம்மா."

"நீ வருவியா?"

இன்னொரு போன் அடித்தது. அதற்கடுத்த போனும் அடித்தது. ஏழுமலை தமிழன் எவனும் பேச்சை முடிக்கும்போது சொல்வதைத்தான் சொன்னான்.

"சரிம்மா, வரேன்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நாலு நாள் கழித்து, நாற்றம் தாங்காமல் அண்டை வீட்டார் போய்ப் பார்த்தார்கள். கதவு தாழ் போடாமல் ஒருக்களித்திருந்தது. கதவுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே போகிறவள்போல் நல்ல புடவை கட்டியிருந்தாள். மடியில் மருந்துச் சீட்டு. கையில் கறுப்பு ரிசீவர். அதைப் பிடுங்க முடியாமல், கம்பியை அறுத்து, ரிசீவரோடேயே கொண்டுபோய் எரித்தார்கள்.

சமிதிச் செயலாளர் பத்மநாபன் கூப்பிட்டு விசாரித்தார். "அன்னிக்கு வண்டி இருந்துதாப்பா?"

"இல்ல சார். ஒண்ணாம் நம்பர் ஆஸ்பத்திரியில மாட்டிக்கிச்சு. மூணாம் நம்பர் வெளியில. மத்ததுக்கு ஆள் ஏது?"

"அப்படின்னா நாம என்ன பண்ண முடியும்?" என்று பைலை மூடினார் பத்மநாபன். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அடுத்த வாரமே சேத்லாவிலிருந்து ஹால்தார் என்ற ஆள் ஆபீசுக்குள் பாய்ந்து வந்தார். தாமதமாகிவிட்டது என்று சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து ஏழுமலை ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டான்.

"உங்க ஏழாம் நம்பர் நாலே நிமிஷத்துல வந்தது" என்றார் ஹால்தார்.

ஏழுமலையின் பேனா நின்றது.

"வந்து நின்னது. யாரும் இறங்கல. பின் கதவு தானா திறந்தது. ரெண்டு வருஷமா படுத்த படுக்கையா இருந்த என் அண்ணன் எழுந்து நடந்தான். தானே ஏறினான். ஏறி உட்கார்ந்தான். தொட்டுப் பார்த்தா உயிர் இல்ல. நாங்க அவனைக் கீழே இறக்கித் திரும்பறதுக்குள்ள வண்டி இல்ல." ஹால்தார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நான் கேக்க வந்தது வேற. ஏற்கெனவே ஒரு அம்மாவை ஏத்திக்கிட்டு எதுக்கு இன்னொரு நோயாளியைக் கூப்பிட வர்றீங்க? யார் அந்த அம்மா? எதுக்குக் கையில அறுந்த டெலிபோனைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க?"

அன்று மாலை ஏழுமலையும் ஷ்யாமலும் கொட்டகைக்குப் போனார்கள். ஏழாம் நம்பர் செங்கல்மேல் நின்றது. உள்ளே பெஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூரையில் ஓட்டை எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் அந்த நம்பரைச் சொல்வதை விட்டான். ஆனால் ஜூமா-தியிடம் 'நீயும் சொல்லாதே' என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவள் கேள்வி ஒன்றோடு நிற்காது.

*

ஏழுமலையும் ஷ்யாமலும் ஏறிய மூன்றாம் நம்பர் வண்டி சந்து முனையைத் தாண்டும்போதே தண்ணீர் அதன் படியைத் தொட்டது. பிற்பகல் மூன்றரை மணிக்குத் தெருவிளக்குகளை எரிய விட்டிருந்தார்கள். சைரன் போட்டும் ஒருவரும் நகரவில்லை, நகர இடமில்லை. மினிபஸ்கள் இடுப்பளவுத் தண்ணீரில் செத்து நின்றன. சேத்லாவில் ஒரு மரம் குறுக்கே விழுந்திருந்தது. நியூ அலிப்பூர் பாலத்தின் மேல் பன்னிரண்டு நிமிடம் அசையாமல் நின்றார்கள்.

ஏழுமலை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தான். 'இன்னும் எவ்வளவு நேரம்?' எத்தனையோ பேர் அவனிடம் போனில் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"எட்டு மாசம் ஆயிடுச்சா பௌதிக்கு?" என்றான் ஷ்யாமல். லதா அவனுக்குப் பௌதி, அண்ணி முறை.

"எட்டு நடக்குது. டாக்டர் ரயில்ல போகக் கூடாதுன்னுட்டார். அதனாலதான் காட்பாடிக்கு, அவ அம்மா வீட்டுக்கு அனுப்பல."

ஷ்யாமல் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"மோலாய்-தா, அந்தக் கிழவி போன் பண்ணின அன்னிக்கு நான்..."

"பேசாம ஓட்டு."

"இல்ல, ஒரு தடவையாவது..."

"ஓட்டுடா!"

தாராதலா திரும்பியபோது மணி நாலு ஐந்து.

*

பெஹாலாவில் அவன் வீட்டுத் தெரு தெருவாக இல்லை. கறுத்த குளமாகக் கிடந்தது. மூன்றாம் நம்பர் முனையிலேயே இருமி நின்றது. இருவரும் ஸ்டிரெச்சரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தொடை வரை தண்ணீர்.

அங்கே, அவன் வீட்டு வாசலில், நின்றது.

வெள்ளை வண்டி. சிவப்பு ஏழு. விளக்கு இல்லை, எஞ்சின் சத்தம் இல்லை. சக்கரம் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் தண்ணீர். தெரு முழுக்க மழை அடித்துக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி மட்டும் தண்ணீர் எண்ணெய்போல் அசையாமல் இருந்தது.

முக்கால் மணி நேரமாக ஹாரன் அடிக்காமல் காத்திருந்திருக்கிறது.

கீழ்வீட்டு அம்மா, மாஷிமா, மாடிப்படியில் நின்று அலறினாள். "ஏன்டா இவ்வளவு நேரம்? அவ கதவைத் திறக்கவே மாட்டேன்னு பிடிவாதமா இருந்தா. நீ வந்து கீழேயிருந்து கூப்பிட்டப்புறம்தான் இறங்கினா!"

"நான் எங்கே மாஷிமா கூப்பிட்டேன்? இப்பத்தானே வர்றேன்!"

"உன் குரல்தான். உங்க பாஷையில. ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பி."

என்ன வார்த்தை என்று அவன் கேட்கவில்லை.

வண்டியின் பின் கதவுகள் விரியத் திறந்திருந்தன. லதா தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் படியில். இடது கை வயிற்றில். வலது கை வண்டிக்குள் நீண்டிருந்தது. யாரோ பிடித்திருந்தார்கள்.

"லதா!"

அவள் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. "நீங்க உள்ளே இருக்கீங்கன்னு..." என்றாள்.

ஏழுமலை கிட்டே போனான். பினாயில் வாசனை. நனைந்த கம்பளி வாசனை. அதற்கடியில், நாலு நாள் பூட்டிக் கிடந்த வீட்டின் வாசனை.

உள்ளே இருபக்க பெஞ்சுகளிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, கைகளை மடியில் போட்டு, கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர்கள்போல. ஒரு முகமும் அவனுக்குத் தெரிந்த முகமாக இல்லை.

அப்போது ஒருவர் இருமினார்.

அந்த இருமல் அவனுக்குத் தெரியும். மார்ச் மாதம், டாலிகஞ்ச். 'பாபாவுக்கு மூச்சு முட்டுது' என்று மகள் பேசியபோது பின்னால் கேட்ட இருமல். இன்னொரு மூலையில் ஒரு குழந்தை சிணுங்கியது. அதுவும் தெரியும். ஏப்ரல், கிதிர்பூர்.

எல்லாரையும் அவனுக்குக் காதால் தெரியும்.

அவர்கள் நெருங்கி உட்கார்ந்து, நடுவில் ஒரு ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

கதவுக்குப் பக்கத்தில் நாகம்மா. நல்ல புடவை. இடது கையில் கறுப்பு ரிசீவர், அறுந்த சுருள் கம்பி தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. வலது கை லதாவின் மணிக்கட்டில்.

"வந்துட்டியா தம்பி?" குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அம்மா, அவளை விட்டுடுங்க. அவ என்ன பண்ணினா?"

"உன் சம்சாரமா?" கிழவி லதாவின் கையைத் தூக்கிப் பார்த்தாள். "வளையல் நல்லா இருக்கு."

லதாவின் காலடியில் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது.

"அம்மா, அவளுக்கு நேரம் இல்லைம்மா. உங்க காலைப் பிடிக்கிறேன்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் அலையறேன். கேட்டா விட்டுடறேன்." அவள் சற்றே குனிந்தாள். பெஞ்சிலிருந்த எல்லாரும் சேர்ந்து குனிந்தார்கள். "அன்னைக்கு வண்டி இருந்துச்சா?"

ஷ்யாமலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

லதா கணவனையே பார்த்தாள்.

ஏழுமலை வாயைத் திறந்தான். மழைத்தண்ணீர் உள்ளே போனது. விழுங்கினான்.

"இல்லம்மா. சத்தியமா இல்ல. ஆள் இல்ல, வண்டி இல்ல. இருந்தா அனுப்பியிருக்க மாட்டேனா?"

கிழவி ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கையை விட்டாள்.

"சரி தம்பி," என்றாள். "வரேன்."

கதவுகள் சாத்திக்கொண்ட சத்தம்கூட இல்லை. வண்டி நின்ற இடத்துக்குள் தெருத்தண்ணீர் சளாரென்று பாய்ந்தது. லதா சரிந்தாள். ஏழுமலை தாங்கிப் பிடித்தான். தண்ணீர் அவன் கையில் சூடாக இருந்தது.

முனையில் செத்து நின்ற மூன்றாம் நம்பர் முதல் சாவியிலேயே கிளம்பியது. அலிப்பூர் வரை ரோடு காலியாக இருந்தது, யாரோ முன்னால் போய் வழி விலக்கிக்கொண்டே போவதுபோல்.

ஷ்யாமல் பாலத்தில் ஏறும்போதுதான் பேசினான். "அந்தம்மா கடைசியா என்ன சொன்னாங்க?"

"போறேன்னு சொன்னாங்க."

"நிஜமாவா?"

"'வரேன்'னாங்க. எங்க பாஷையில கிளம்பும்போது அப்படித்தான் சொல்வோம்."

"நாங்களும் அப்படித்தான் சொல்றோம். 'ஆஷ்சி'ன்னு." ஷ்யாமல் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆனா ஆஷ்சின்னு சொல்லிட்டுப் போனவங்க திரும்பி வருவாங்களே, மோலாய்-தா."

*

பெண் குழந்தை. ஒரு கிலோ எண்ணூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது, ஆனால் மூச்சு ஒழுங்காக இருந்தது. லதாவுக்கு நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

"பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தா ரெண்டு பேருமே இல்ல" என்றார் டாக்டர். "நல்ல வேளை, வண்டி கிடைச்சுதே."

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வெயில் வந்தது. பிரசவ வார்டு ஜன்னலில் காக்கைகள். பக்கத்துக் கட்டில்காரி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஏழுமலை ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்தான். செயலாளரிடம் சொல்லி ஏழாம் நம்பரை இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

லதா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையில் வளையல்கள் இருந்தன. வலது கை மொட்டையாக இருந்தது.

"தண்ணியில உடைஞ்சிருக்கும்" என்றான்.

"உடைஞ்சா கீறியிருக்காதா? ஒரு கீறல் இல்லைங்க. கழட்டின மாதிரி இருக்கு." மணிக்கட்டைத் தடவினாள். அங்கே ஐந்து விரல் அகலத்துக்குத் தோல் வெளுத்து, நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கியிருந்தது. மூன்று நாளாகியும் காயவில்லை. "ஏங்க, அந்தம்மா யாரு? எந்த நாளைப் பத்திக் கேட்டாங்க?"

"நாகம்மான்னு ஒரு கிழவி. ஜூன் பன்னெண்டாம் தேதி மத்தியானம் போன் பண்ணினா. அதான் சொன்னேனே, வண்டி இல்லைன்னு. விடு."

லதா எதையோ விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

அப்போதுதான் ஆயா வந்தாள். வார்டு வாசலில் இருக்கும் போனுக்கும் அவள்தான் காவல். முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்குத்தான் போன். வந்து எடுக்கச் சொல்றதுக்குள்ள வெச்சுட்டாங்க. ஒரு வயசான அம்மா. உங்க பாஷை. எனக்கு என்ன புரியும்? பின்னாடி ஒரே ஜல் ஜல்னு கண்ணாடிச் சத்தம் வேற."

ஏழுமலையின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்தது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டவள் லதா.

"ரெண்டே வார்த்தைதான் பிடிபட்டுச்சு. மூணு வாட்டி சொன்னாங்க." ஆயா நெற்றியைச் சுருக்கி, தெரியாத பாஷையை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். "'பொலாயல்'னு ஒண்ணு. அப்புறம், 'பொரேன்'."

வங்காள நாக்குக்கு 'வ' வராது. லதாவுக்கு அது தெரியும். அவள் அந்த ஊரில் எட்டு வருடமாக இருக்கிறாள். உதட்டை அசைத்து அந்த இரண்டு வார்த்தைகளையும் திருத்திக்கொண்டாள்.

வளையல். வரேன்.

எண்ணிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"பன்னெண்டாம் தேதி," என்றாள் லதா. "வளைகாப்புக்கு முந்தின நாள்."

ஏழுமலை சிந்திய ஹார்லிக்ஸைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"வளையல் வாங்க மழையில ரிக்ஷாவுல போகாதேன்னு நீங்கதானே வண்டியை அனுப்பி வெச்சீங்க? டூட்டி ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே?"

கட்டிலோரக் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை கண் விழித்து, வார்டு வாசலைப் பார்த்தது.

ஜூன் பன்னிரண்டு அன்று, நாகம்மா போன் பண்ணின மூன்று இருபதுக்கு, மூன்றாம் நம்பர் வண்டி, டிரைவர் ஷ்யாமலோடு, எஞ்சின் ஓடியபடி, லேக் மார்க்கெட்டில் வளையல் கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றிருந்தது. அங்கிருந்து நாகம்மாவின் சந்துக்கு நடந்தே போயிருந்தால்கூட எட்டு நிமிடம்.